3 சீரிஸா, 5 சீரிஸா: ஒரே ஆலையில் உருவாகும் இரண்டு செடான்களில் ஒன்றைத் தேர்வது எப்படி?

செங்கல்பட்டுக்கு அருகே மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007-இல் உற்பத்தியைத் தொடங்கிய பிஎம்டபிள்யூ ஆலையில்தான், இந்தியாவில் விற்கப்படும் 3 சீரிஸும் 5 சீரிஸும் ஒருங்கிணைக்கப்படுகின்றன. பெட்ரோல் வகைகளான 330எல்ஐ, 530எல்ஐ இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விவரத்தாளைப் படிப்பவருக்கு ஒரு குழப்பம் வருவது இயல்பு. இரண்டிலும் 2 லிட்டர், நான்கு சிலிண்டர் டர்போ எஞ்சின்; இரண்டுமே 258 குதிரைத்திறனும் 400 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தருகின்றன; இரண்டிலும் எட்டு கியர் ஆட்டோமேட்டிக்; இரண்டுமே பின்சக்கரங்களால் உந்தப்படுபவை. 530எல்ஐ 2024 ஜூலையில் 72.9 லட்சம் ரூபாய்க்கும், இப்போதைய 330எல்ஐ 2025-இல் 62.6 லட்சம் ரூபாய்க்கும் எக்ஸ்-ஷோரூம் விலையில் அறிமுகமாயின. அதன்பின் ஜிஎஸ்டி மாற்றத்தால் விலைகள் நகர்ந்திருந்தாலும், இரண்டுக்கும் இடையிலான இடைவெளி ஏறக்குறைய பத்து லட்சம் என்று வைத்துக்கொண்டே யோசிக்கலாம்.

எஞ்சின் ஒன்றே, கியர்பாக்ஸ் ஒன்றே, ஆலையும் ஒன்றே என்றால், அந்தப் பத்து லட்சத்தில் பெரும்பகுதியை நாம் அளவுக்காகவே கொடுக்கிறோம். ஆகவே, “பெரிய கார் எனக்குத் தேவையா?” என்ற கேள்வியை வேறு எதுவும் குறுக்கிடாமல் கேட்டுப் பார்க்க இதைவிடத் தெளிவான ஜோடி கிடைப்பது அரிது. என் அண்ணன் சென்ற ஆண்டு இதே கேள்வியோடு இரண்டு மாதம் அலைந்தபோது நானும் உடன் இருந்தேன். அந்த அனுபவத்தில் கற்றதையும், அதற்கு முன்பிருந்தே தெரிந்ததையும் சேர்த்து, எந்த வரிசையில் முடிவெடுத்தால் பிறகு வருத்தப்பட வேண்டியிருக்காது என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பின் இருக்கை

சொகுசு செடான் வாங்குபவர் பெரும்பாலும் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து பார்த்துவிட்டே முடிவெடுக்கிறார். நம் குடும்பங்களிலோ அந்தக் காரின் உண்மையான பயனாளர் பின்னால் அமர்பவர். அப்பாவோ அம்மாவோ மாமியாரோ, வாரம் ஒரு நாள் அமர்கிறவராக இருந்தாலும், அவருடைய உடம்புக்குத்தான் கார் பொருந்த வேண்டும். எனவே முதல் வேலை, பின் இருக்கையில் யார், மாதத்துக்கு எத்தனை மணி நேரம் அமரப்போகிறார் என்பதை ஒரு தாளில் எழுதுவது. “எப்போதாவது எல்லோரும் போவோம்” என்பது கணக்கில் சேராது. கடந்த மூன்று மாதங்களில் எங்கெங்கே போனீர்கள், அப்போது பின்னால் யார் இருந்தார்கள் என்று நினைவுபடுத்தி எழுதினால் உண்மை வெளிவந்துவிடும்.

அடுத்து, கால் நீட்டும் இடத்தை மட்டும் பார்த்து மயங்காமல் இருக்க வேண்டும். நாம் பேசும் 330எல்ஐ சாதாரண 3 சீரிஸ் அல்ல. வீல்பேஸ் 110 மில்லிமீட்டர் நீட்டிக்கப்பட்டது. முன் சக்கர மையத்துக்கும் பின் சக்கர மையத்துக்கும் இடையே உள்ள அந்தத் தூரம் சாதாரண 3 சீரிஸில் 2,851 மில்லிமீட்டர், நமக்குக் கிடைப்பதில் 2,961 மில்லிமீட்டர். 2017-இல் இந்தியாவுக்கு வந்த முந்தைய தலைமுறை 5 சீரிஸின் வீல்பேஸ் 2,975 மில்லிமீட்டர் என்பதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதாவது, சில ஆண்டுகளுக்கு முன்பு பெரிய கார் என்று நாம் வாங்கியதற்கும் இன்றைய நீட்டிக்கப்பட்ட 3 சீரிஸுக்கும் சக்கர இடைவெளியில் ஒன்றரை சென்டிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. இன்றைய 5 சீரிஸும் அதே 110 மில்லிமீட்டர் நீட்டப்பட்டு 3,105 மில்லிமீட்டரில் நிற்கிறது. ஆக, முழங்காலுக்கு முன்னால் எவ்வளவு இடம் இருக்கிறது என்று மட்டும் பார்த்தால், ஆறடி உயரமுள்ளவருக்கும் 3 சீரிஸே போதும் என்றுதான் தோன்றும்.

வித்தியாசம் வேறு மூன்று இடங்களில் இருக்கிறது. ஒன்று, இருக்கையின் உயரமும் தொடைக்குக் கிடைக்கும் தாங்குதலும். தாழ்ந்த காரில் இருக்கையும் தரையோடு ஒட்டியே இருக்கும். அப்படி அமரும்போது முழங்கால்கள் மேலே எழும்பி, தொடையின் முன்பாதி இருக்கையில் படாமல் அந்தரத்தில் நிற்கும். அரை மணி நேரத்தில் இது தெரியாது. மூன்றாவது மணி நேரத்தில் இடுப்பில் தெரியும். இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. நன்றாகப் பின்னுக்குத் தள்ளி அமர்ந்து, உள்ளங்கையைத் தட்டையாக வைத்துத் தொடைக்கும் இருக்கைக்கும் நடுவே முழங்கால் பக்கத்திலிருந்து நுழையுங்கள். நான்கு விரலும் தடையின்றி உள்ளே போய்விட்டால் தாங்குதல் போதவில்லை என்று பொருள். இரண்டு காரிலும் ஒரே நபர், ஒரே செருப்போடு இதைச் செய்து பார்க்க வேண்டும்.

இரண்டாவது, அகலம். கண்ணாடிகளைச் சேர்க்காமல் 3 சீரிஸ் 1,827 மில்லிமீட்டர், 5 சீரிஸ் 1,900 மில்லிமீட்டர். ஏழு சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். பின்னால் இருவர் மட்டும் அமர்ந்தால் அது பெரிய விஷயமில்லை. மூவர் அமர்ந்தால், நடுவில் இருப்பவரின் தோள் இரு பக்கமும் இடிக்கிறதா இல்லையா என்பதை இந்த ஏழு சென்டிமீட்டர்தான் தீர்மானிக்கிறது. பின்சக்கர உந்துதல் கார்களில் தரையின் நடுவே ஒரு மேடு ஓடும் என்பதால், நடு இருக்கை எந்தக் காரிலும் பெரியவர்களுக்கு ஏற்றதல்ல. இருந்தாலும் பேரப்பிள்ளையை நடுவில் வைத்துத் தாத்தாவும் பாட்டியும் இருபுறம் அமரும் வீடுகளில் 5 சீரிஸின் அகலம் உடனே பயன் தரும்.

மூன்றாவது, ஏறி இறங்குவது. இதைத்தான் ஷோரூமில் யாரும் சோதிப்பதில்லை. எங்கள் அப்பாவுக்கு எழுபத்து நான்கு வயது. வலது முழங்காலில் மாற்று அறுவை சிகிச்சை ஆனவர். அவர் காரில் ஏறும் விதத்தை அன்றுதான் நான் முதன்முறையாகக் கவனித்துப் பார்த்தேன். காருக்கு முதுகைக் காட்டி நின்று, இடது கையால் கதவின் மேல் விளிம்பைப் பிடித்து, மெதுவாகப் பின்பக்கமாக இருக்கையில் உட்கார்ந்தார். பிறகு உடலைத் திருப்பி, இடது காலை உள்ளே வைத்து, வலது காலை முழங்காலுக்குக் கீழே இரு கைகளாலும் தூக்கி எடுத்து வைத்தார். அந்த வலது கால் உள்ளே வரும்போது முன் இருக்கையின் முதுகில் கட்டைவிரல் உரசுகிறதா, திரும்பும்போது தலை கூரை விளிம்பில் படுகிறதா, இறங்கும்போது அண்ணன் கை கொடுக்காமல் தானே எழ முடிகிறதா என்ற மூன்றும்தான் எங்களுக்கு வேண்டிய விவரங்கள். எந்த விவரத்தாளிலும் அவை இல்லை. சில சென்டிமீட்டர் உயரமான இருக்கையிலிருந்து அவர் கதவுத் தூணைப் பிடித்துத் தானாகவே எழுந்தார். தாழ்வான இருக்கையிலிருந்து எழ, “கையைக் கொடுப்பா” என்றார்.

ஆகவே, முழங்கால் வலியோ இடுப்பு வலியோ உள்ள பெரியவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவரை நேரில் அழைத்துச் செல்லாமல் எந்த முடிவும் எடுக்காதீர்கள். புடவை கட்டும் அம்மாவானால் புடவையோடுதான் ஏறி இறங்கிப் பார்க்க வேண்டும். முன் இருக்கையை, அதில் வழக்கமாக அமர்பவரின் நிலைக்குச் சரிசெய்துவிட்டுப் பின்னால் அமர வேண்டும். ஷோரூமில் அது பெரும்பாலும் முன்னுக்குத் தள்ளியே வைக்கப்பட்டிருக்கும். முன் இருக்கையை முழுவதும் கீழே இறக்கினால் அதன் அடியில் பாதம் நுழைய இடமிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

வெயிலைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். காரின் கண்ணாடிகளில் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதற்கு உச்ச நீதிமன்றம் 2012-இல் தடை விதித்த பிறகு, பின்கதவுக் கண்ணாடிகளில் கம்பெனியே பொருத்தித் தரும் திரைகளுக்கு மதிப்பு கூடிவிட்டது. நீங்கள் வாங்கப்போகும் வகையில் அவை இருக்கின்றனவா என்று கேளுங்கள். பெரிய காரின் உள்ளே குளிர்விக்க வேண்டிய காற்றும் அதிகம் என்பதால், டெஸ்ட் டிரைவை மாலை ஆறு மணிக்கு வைத்துக்கொள்ளாமல், வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்திய காரைப் பகல் ஒரு மணிக்கு எடுத்து, பின் இருக்கையில் முகத்துக்குக் குளிர் வந்துசேர எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள்.

பிறகு உங்கள் வீட்டு வாசல்

பின் இருக்கை பெரிய காரைக் கேட்கிறது என்று முடிவாகிவிட்டால், அந்தக் காரை எங்கே நிறுத்துவது என்பது அடுத்த கேள்வி. பலர் இதைக் காரை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகே கேட்டுக்கொள்கிறார்கள்.

3 சீரிஸின் நீளம் ஏறக்குறைய 4.82 மீட்டர், 5 சீரிஸின் நீளம் ஏறக்குறைய 5.17 மீட்டர். தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகள், ஒரு கார் நிறுத்துமிடத்தின் அளவை 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம் என்று வைத்திருக்கின்றன. அடுக்குமாடிக் குடியிருப்பில் உங்களுக்கு ஒதுக்கப்பட்ட இடம் சரியாக இந்த அளவில் கோடு போடப்பட்டிருந்தால், 5 சீரிஸின் மூக்கோ வாலோ கோட்டுக்கு வெளியே ஒரு சாண் நீண்டிருக்கும். பின்னால் சுவர் இருந்து, சுவரை முட்ட நிறுத்த முடியாததால் இன்னும் ஓர் அடி இடைவெளி விட்டால், நடைவழியில் நிற்கும் பகுதி ஒன்றரை அடியைத் தாண்டும். எதிர் வரிசையில் இருப்பவர் தன் காரைத் திருப்பி எடுப்பதற்கு அந்த ஒன்றரை அடி தேவைப்படலாம். அக்கம்பக்கத்தாரோடு தினமும் மனத்தாங்கல் வருவதற்கு இது ஒன்றே போதும்.

அகலத்தில் கணக்கு இன்னும் நுணுக்கமானது. 2.5 மீட்டர் இடத்தின் நடுவே நிறுத்தினால் 3 சீரிஸுக்கு இருபுறமும் சுமார் 33 சென்டிமீட்டர் மிஞ்சும். 5 சீரிஸுக்கு 30 சென்டிமீட்டர். வீல்பேஸை நீட்டிய கார்களில் நீட்டிய நீளம் பின்கதவுக்குத்தான் போகிறது. கதவு நீளமாக இருந்தால், அதே கோணத்துக்குத் திறக்க அதிக இடம் வேண்டும். எழுபது வயதுக்காரர் சுலபமாக ஏற வேண்டும் என்று வாங்கிய கார், நிறுத்துமிடத்தில் பாதிக் கதவு மட்டும் திறந்தால், அவரை வாசலிலேயே ஏற்றி வாசலிலேயே இறக்கும் பழக்கத்தைக் குடும்பமே கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். அதற்கு நீங்கள் தயார் என்றால் சரி.

தனி வீடானால் கேட்டை அளக்க வேண்டும். கண்ணாடிகளை விரித்த நிலையில் 3 சீரிஸ் 2,068 மில்லிமீட்டர் அகலம், 5 சீரிஸ் 2,156 மில்லிமீட்டர். எட்டடி கேட் என்பது ஏறக்குறைய 2,440 மில்லிமீட்டர். 3 சீரிஸுக்கு ஒவ்வொரு பக்கமும் பதினெட்டு சென்டிமீட்டர் மிஞ்சும். 5 சீரிஸுக்குப் பதினான்கு. தெரு அகலமாக இருந்து நேராக நுழைய முடிந்தால் பதினான்கு சென்டிமீட்டர் தாராளம். இருபதடித் தெருவில், எதிரே ஒரு வண்டி நிற்க, காரை ஒடித்துத் திருப்பி உள்ளே விட வேண்டுமானால் நிலைமை வேறு. வீல்பேஸ் நீண்ட காரில் பின்சக்கரம், முன்சக்கரம் போன பாதையைவிட உள்வாங்கித் திரும்பும். முன்பக்கம் கேட்டுக்குள் ஒழுங்காக நுழைந்துவிட்டதே என்று நிம்மதியாக இருக்கும்போது பின்கதவு தூணில் உரசுவது இதனால்தான். கேமராக்கள் உதவும், ஆனால் தூணை அவை நகர்த்தாது.

செய்ய வேண்டியது இதுதான். கொத்தனார் பயன்படுத்தும் இரும்பு டேப் ஒன்றும், ஒரு சாக்பீஸும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் நிறுத்துமிடத்தில் தரையில் 5.17 மீட்டருக்கு 1.9 மீட்டர் என்று ஒரு செவ்வகம் வரையுங்கள், அதற்குள் 4.82-க்கு 1.83 என்று இன்னொன்று. இரண்டையும் நின்று பாருங்கள். தூணும் குழாயும் படிக்கட்டின் அடிப்பாகமும் எங்கே குறுக்கிடுகின்றன என்பது அப்போதே தெரியும். இயந்திர அடுக்கு பார்க்கிங் உள்ள கட்டடமானால், அந்தத் தட்டின் அருகில் அனுமதிக்கப்பட்ட நீளமும் எடையும் எழுதிய பலகை இருக்கும். அதைப் படித்துவிட்டு மேலே யோசியுங்கள். டெஸ்ட் டிரைவுக்கு வரும் காரை உங்கள் வீட்டுக்கே வரச் சொல்லி, நீங்களே உள்ளே விட்டு, நீங்களே வெளியே எடுங்கள். விற்பனைப் பிரதிநிதி விட்டுக் காட்டுவது கணக்கில் வராது. அவர் தினமும் செய்கிறவர்.

ஓட்டுபவர் யார்?

ஓட்டுநர் வைத்துக்கொள்பவர்கள் இந்தப் பகுதியை வேகமாகக் கடந்துவிடலாம். தானே ஓட்டுபவர்களுக்கு இது முக்கியம்.

ஒரே எஞ்சின், வெவ்வேறு எடை என்பதால், நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை 330எல்ஐ 6.2 நொடியிலும், 530எல்ஐ 6.5 நொடியிலும் எட்டும் என்கிறது கம்பெனி. 0.3 நொடியை யாரும் சாலையில் உணரப்போவதில்லை. உணர்வது வேறு. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலோ, ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் நாற்பது வளைவுகளிலோ, சின்னக் கார் ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் மூக்கைத் திருப்பும். பெரிய கார் ஒரு கணம் யோசித்துவிட்டுத் திரும்புவது போல இருக்கும். எதிரே அரசுப் பேருந்து முழு வளைவையும் எடுத்துக்கொண்டு இறங்கும்போது, ஏழு சென்டிமீட்டர் அகலக் குறைவும் 35 சென்டிமீட்டர் நீளக் குறைவும் மனத்துக்கு எவ்வளவு ஆறுதல் என்பது ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

நேர்ச்சாலையில் இது தலைகீழ். திருச்சி நெடுஞ்சாலையில் மூன்று மணி நேரம் ஓட்டும்போது, நீண்ட வீல்பேஸ் உள்ள கனமான கார், பாலங்களின் இணைப்புகளில் குதிக்காமல் மிதந்து போகும். டயர் சத்தமும் காற்றுச் சத்தமும் உள்ளே குறைவாகக் கேட்கும். பேசிக்கொண்டே போகலாம், பின்னால் இருப்பவர் தூங்கலாம். ஆகவே, உங்கள் மாதக் கிலோமீட்டரில் எத்தனை நகரத்துக்குள், எத்தனை நெடுஞ்சாலையில், எத்தனை மலைப்பாதையில் என்பதை முன்பு எழுதிய தாளிலேயே சேர்த்து எழுதுங்கள். சென்னைக்குள் அண்ணா சாலைக்கும் அலுவலகத்துக்குமாகத் தினமும் தானே ஓட்டுபவருக்கு 3 சீரிஸ் என்பதே என் கருத்து. அதில் எனக்குத் தயக்கமில்லை.

வேகத்தடையும் டயரும்

இந்திய சாலைப் பேராயத்தின் விதிமுறைப்படி ஒரு வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்ட, சரிவாக ஏறி இறங்கும் மேடாக இருக்க வேண்டும். அப்படிப் போடப்பட்ட வேகத்தடையில் எந்தக் காரும் தட்டாது. நம் தெருக்களிலோ ஓரடி அகலத்துக்குள் செங்குத்தாக எழுப்பிய தார்க்கட்டிகளே அதிகம். சக்கரங்களுக்கு இடையே தூரம் கூடக்கூட, முன்சக்கரம் இறங்கிப் பின்சக்கரம் ஏறாத நிலையில் காரின் வயிறு அந்த மேட்டுக்கு அருகே வரும் வாய்ப்பும் கூடும். ஐந்து பேரும், டிக்கி நிறையச் சாமானும் ஏறினால் கார் இன்னும் தாழும். இரண்டு காருமே நீட்டிக்கப்பட்டவை என்பதால் இந்தச் சோதனை இரண்டுக்கும் வேண்டும். ஒருவர் மட்டும் அமர்ந்து ஓட்டிப் பார்ப்பதில் பயனில்லை. குடும்பம் முழுவதையும் ஏற்றிக்கொண்டு, உங்கள் தெருவிலேயே மோசமான வேகத்தடையை நேராகவும், ஒருமுறை சாய்வாகவும் கடந்து பாருங்கள்.

டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண்ணையும் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். உதாரணமாக 225/45 ஆர்18 என்றால், டயரின் அகலம் 225 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 45 சதவீதம், அதாவது ஏறக்குறைய பத்து சென்டிமீட்டர். ரிம் 18 அங்குலம். நடுவில் உள்ள எண் 55 ஆக இருந்தால் பக்கச்சுவர் பன்னிரண்டு சென்டிமீட்டருக்கு மேல் வரும். பள்ளத்தில் இறங்கும்போது ரிம்மைக் காப்பது அந்தச் சுவர்தான். இரண்டு காரிலும் இந்த எண்ணைக் குறித்துக்கொண்டு ஒப்பிடுங்கள். முன்னும் பின்னும் வெவ்வேறு அளவு டயர்கள் இருந்தால், அவற்றை இடம் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமப்படுத்த முடியாது. டிக்கியின் அடித்தட்டைத் தூக்கி, ஸ்டெப்னி இருக்கிறதா, இருந்தால் மேலே வைக்கப்பட்டு டிக்கி இடத்தைத் தின்கிறதா என்றும் பாருங்கள். டிக்கி எத்தனை லிட்டர் என்று கேட்பதைவிட, வீட்டிலிருந்து இரண்டு பெரிய சூட்கேஸ்களைக் கொண்டுபோய் வைத்துப் பார்ப்பது மேல்.

பத்து லட்சம் உண்மையில் எவ்வளவு?

விலைப்பட்டியலில் பத்து லட்சமாகத் தெரியும் இடைவெளி, கையைவிட்டுப் போகும்போது பத்து லட்சமாக இருப்பதில்லை. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாற்றியமைக்கப்பட்ட சாலை வரிப்படி, 20 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கார்களுக்கு விலையில் 20 சதவீதம் வாழ்நாள் வரி. எனவே பத்து லட்சம் கூடுதல் விலை என்றால் வரியில் மட்டும் இரண்டு லட்சம் கூடும். இன்சூரன்ஸும் விலையோடு சேர்ந்தே ஏறும். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு விற்பனையின்போதே பிடிக்கப்படும் ஒரு சதவீத வரியை வருமான வரிக் கணக்கில் சரிசெய்துகொள்ளலாம் என்பதால் அதைச் செலவில் சேர்க்க வேண்டாம். ஆனால் அன்று கையில் இருக்க வேண்டும்.

இந்தக் கூடுதல் தொகையைக் கடனில் எடுத்தால்? விலை, வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்துக் கூடுதலாக ஆகும் ஏறக்குறைய பன்னிரண்டரை லட்சத்தை 9 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுகளுக்கு எடுத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 26,000 ரூபாய். மொத்த வட்டி மூன்று லட்சத்தைத் தாண்டும். இது முழுக் காருக்கான தவணை அல்ல, சின்னக் காருக்குப் பதிலாகப் பெரிய காரை எடுப்பதற்கு மட்டும் ஆகும் தவணை. இந்த 26,000 ரூபாயைத் தனியே எழுதி, முன்பு எழுதிய தாளில் பின் இருக்கை மணி நேரங்களுக்குப் பக்கத்தில் வையுங்கள். அப்பா மாதத்துக்கு இருபது மணி நேரம் அமர்கிறார் என்றால் அது நியாயமான செலவாகத் தோன்றலாம். மாதத்துக்கு இரண்டு மணி நேரம் என்றால், அந்த இரண்டு மணி நேரத்துக்கு வேறு வழி தேடுவதே புத்திசாலித்தனம்.

இன்சூரன்ஸ் கம்பெனிகள் காரின் மதிப்பைக் கணக்கிடும் வழக்கமான அட்டவணைப்படி, நான்கு முதல் ஐந்து ஆண்டான காரின் மதிப்பு பாதியாகிவிடும். கூடுதலாகக் கொடுத்த பத்து லட்சமும் அதே விகிதத்தில் கரைகிறது. வரியாகக் கொடுத்த இரண்டு லட்சமோ விற்கும்போது தனியாகத் திரும்பி வராது.

இங்கேதான் மூன்றாவது வழி ஒன்று எட்டிப் பார்க்கும்: புதிய 3 சீரிஸின் விலைக்கோ அதற்குக் குறைவாகவோ, மூன்று நான்கு ஆண்டு ஓடிய 5 சீரிஸ். நான் இதை எதிர்ப்பவன் அல்ல. ஆனால் முந்தைய தலைமுறை 5 சீரிஸின் வீல்பேஸ் பற்றி மேலே சொன்னதை மறக்க வேண்டாம். கால் இடத்துக்காக மட்டும் பழைய 5 சீரிஸை எடுப்பதில் அர்த்தமில்லை. அகலத்துக்காகவும் பயண அமைதிக்காகவும் என்றால் எடுக்கலாம். அப்போதும் சர்வீஸ் வரலாறு முழுமையாக இருக்க வேண்டும், வாரண்டியை நீட்டிக்க முடிய வேண்டும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் நின்ற கார் அல்ல என்பதை இன்சூரன்ஸ் கோரிக்கை வரலாற்றைக் கேட்டு உறுதிசெய்ய வேண்டும். வாரண்டி இல்லாத பழைய சொகுசுக் கார், வாங்கும்போது மிச்சப்படுத்தியதை ஒரே பழுதில் வாங்கிக்கொண்டுவிடும்.

மெர்சிடிஸ் பக்கம் போனால் கேள்வியே மாறிவிடுகிறது என்பதையும் குறிப்பிட வேண்டும். அங்கே சி-கிளாஸ் நீட்டிக்கப்படாதது. வீல்பேஸ் 2,865 மில்லிமீட்டர். 2024 அக்டோபரில் வந்த இ-கிளாஸ் நீட்டிக்கப்பட்டது, 3,094 மில்லிமீட்டர். இருபத்து மூன்று சென்டிமீட்டர் வித்தியாசம் என்பதால், உயரமானவர் பின்னால் அமர்ந்தால் முழங்காலே தீர்ப்பைச் சொல்லிவிடும். எஞ்சினிலும் ஒப்புமை இல்லை: சி 300 தருவது 258 குதிரைத்திறன், அதைவிட விலை கூடிய இ 200 தருவது 204. அங்கே வேகமான சின்னக் காரா, நிதானமான பெரிய காரா என்று தேர்வு எளிதாகிறது. பிஎம்டபிள்யூவில் அப்படி எளிதாக முடியாததால்தான் டேப்பும் சாக்பீஸும் தேவைப்படுகின்றன.

அண்ணன் எடுத்த முடிவு

திருச்சியில் இருக்கும் அண்ணன் எழுதிய தாளில், அப்பாவை மாதம் இருமுறை சென்னை மருத்துவமனைக்கு அழைத்து வருவது முதல் வரியாக இருந்தது. ஒரு வழிக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல். மாதத்துக்கு இருபது மணி நேரத்துக்கும் அதிகம். அதைப் படித்தபோதே பின் இருக்கைக் கேள்வி முடிந்துவிட்டது. தடையாக நின்றது பார்க்கிங். குடியிருப்பில் அவருக்கு ஒதுக்கிய இடம் அளந்தபோது சரியாக ஐந்து மீட்டர். பின்னால் சுவர், வலப்பக்கம் தூண். சாக்பீஸில் வரைந்த செவ்வகத்தின் மூக்கு நடைவழிக்குள் நின்றதை அண்ணி கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டார்.

அதே தளத்தின் மூலையில், பக்கவாட்டில் சுவரில்லாத, ஐந்தரை மீட்டர் நீளமுள்ள ஓர் இடம் இருந்தது. அதன் உரிமையாளரிடம் இருந்தது ஒரு சிறிய ஹேட்ச்பேக் மட்டும். அண்ணன் அவரைப் போய்ப் பார்த்து, இரண்டு இடங்களையும் மாற்றிக்கொள்ளச் சம்மதம் வாங்கி, இருவரும் கையெழுத்திட்ட கடிதத்தைச் சங்கத்தில் கொடுத்தார். கூட்டத்தில் அது பதிவாகி, செயலாளர் கையெழுத்தோடு நகல் கைக்கு வந்த மறுநாள்தான் 5 சீரிஸுக்கு முன்பணம் கட்டினார்.